பிரெஞ்சில் நாலு வார்த்தை பேச எந்த வழி? நெல்லையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"மகளுக்குப் பேறுகாலம். மாண்ட்ரியால் போறேன், ஆறு மாசம் இருக்கணும். கடை கண்ணிக்குப் போனா நாலு வார்த்தை பேசணும்லா, அதுக்கு எங்க படிக்க?" இது பாளையங்கோட்டை அம்மா ஒருவர் கேட்டது. முந்திரிக்கொட்டை கொள்முதலுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் போகப்போகிற தூத்துக்குடிக்காரர் கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான். பிரான்சில் எம்.எஸ். சேர இடம் கிடைத்த அம்பாசமுத்திரத்துப் பையனுக்கும் இதே குழப்பம். செயலி போதுமா, டியூஷன் வைக்கணுமா, அலியான்ஸ் பிரான்சேஸ் என்கிற பிரெஞ்சுமொழி அமைப்பில் சேரணுமா என்று மூன்று பேரும் ஒரே கேள்வியைக் கேட்டாலும், மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிரெஞ்சு டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கிற ஆள். என் எழுத்து வகுப்புப் பக்கம் சாய்வதாகத் தோன்றினால் அந்த இடத்தைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டுப் படியுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது?

பெரும்பாலானோர் கட்டணத்தில் தொடங்குகிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது காது.

பிரான்சில் ஒரு ரொட்டிக் கடைக்குள் நுழைகிறீர்கள். "போன்ழூர் மதாம், உய்ன் பகெத், ஸில் வூ ப்ளே" என்று மனப்பாடம் செய்ததைச் சொல்லிவிட்டீர்கள். அந்த அம்மா சும்மா எடுத்துத் தந்துவிட மாட்டார். "எ அவெக் ஸெஸி?" என்பார். வேறென்ன வேண்டும் என்று அர்த்தம். அது புரிவதற்குள் விலை வந்துவிடும். தொண்ணூற்றைந்து சென்டிம் என்றால் "காத்ர வேன் கேன்ஸ்", அதாவது நாலு இருபது, பதினைந்து. எழுபது என்பது அறுபதும் பத்தும். எண்பது நாலு இருபது. தொண்ணூறு நாலு இருபதும் பத்தும். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச்சொல் உண்டு; பிரான்சில் இந்தக் கணக்குதான். போதாக்குறைக்குப் போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். பத்து இலக்கத்தை ஐந்து எண்ணாகக் கேட்டு எழுத வேண்டும்.

ஆக, கேட்பது சுலபம். வருகிற பதிலைப் பிடிப்பதுதான் பாடு. எந்த வழியைத் தேர்ந்தாலும் அது உங்களுக்குப் பதிலைக் கேட்கப் பழக்குகிறதா என்பதுதான் முதல் அளவுகோல்.

இரண்டாவது, வாயைத் திருத்த ஆள் உண்டா? தமிழில் இல்லாத ஒலிகள் பிரெஞ்சில் சில உண்டு. உதட்டை 'ஊ'வுக்குக் குவித்து, நாக்கை 'ஈ'யில் வைத்துச் சொல்ல வேண்டிய உயிர் ஒன்று. மூக்கில் முடிகிற உயிர்கள். தொண்டையில் உரசுகிற 'ர'. மேலே என்பதற்கு 'தெஸ்யூ', கீழே என்பதற்கு 'தெஸூ'. அந்த ஒரு உயிர் சரியாக வராவிட்டால் மாடி வீட்டைக் கேட்டுப் போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள். நாம் தப்பாகச் சொல்வது நம் காதுக்கு எப்போதும் சரியாகத்தான் கேட்கும், அதனால் வெளியிலிருந்து ஒருவர் திருத்த வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, எந்த மொழி வழியாகப் படிப்பது? பிரபலமான செயலிகளும் ஒலிப்பாடங்களும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே சொல்லித்தருகின்றன. ஆங்கிலம் தட்டுத்தடுமாறுகிற ஒருவருக்கு அது இரண்டு மொழிப் பாரம். நீ, நீங்கள் வேறுபாடு நம் ரத்தத்தில் ஊறியது; பிரெஞ்சில் 'து', 'வூ' என்று அதே வேறுபாடு இருக்கிறது. ஆங்கிலம் வழி போனால் ஒரே 'யூ'வில் ஏறி, சுற்றிவந்து அதையே புதிதாகப் படிக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக: கையில் எத்தனை வாரம் இருக்கிறது, சான்றிதழ் வேண்டுமா வேண்டாமா, போகிற ஊரில் எந்தப் பிரெஞ்சு. அதற்கெல்லாம் பிறகுதான் பணம்.

| வழி | வாயைத் திருத்துமா? | காதைப் பழக்குமா? | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| கைபேசிச் செயலி | அரைகுறை | கொஞ்சம், அதுவும் நிதானமான குரலில் | தானாகப் புதுப்பிக்கும் சந்தா, திரையில் கரையும் நேரம் |
| ஒலிப்பாடம், காணொளி | இல்லை | நன்றாக | ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் |
| உள்ளூர் டியூஷன் | ஆசிரியரைப் பொறுத்தது | பெரும்பாலும் குறைவு | பரீட்சைப் பாடத்திட்டம் |
| அலியான்ஸ் பிரான்சேஸ் | ஆம் | ஆம் | பயணம், தங்கல், மாறாத நேர அட்டவணை |
| இணையவழித் தனி ஆசிரியர் | நன்றாக | நன்றாக | வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம், உங்கள் சொந்தத் தயாரிப்பு |

## செயலி

டுவோலிங்கோ போன்றவற்றை இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம், நேரம் காலம் பார்க்க வேண்டாம். பஸ்ஸுக்கு நிற்கும்போது பத்து நிமிஷம் தட்டலாம். சொற்கள் சேரும், தினமும் தொடுகிற பழக்கம் வரும். அதுவரை நல்லது.

ஆனால் அது அளப்பது நீங்கள் எத்தனை நாள் விடாமல் தட்டினீர்கள் என்பதை. கடையில் பேசியதை அல்ல. நாலு சொல்லைக் காட்டி சரியானதைத் தொடு என்றால் யாரும் தொட்டுவிடலாம். எந்தச் சொல்லும் முன்னால் இல்லாதபோது வாயில் வர வேண்டுமே. தொடர்நாள் கணக்கு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே இரவு பதினொன்றே முக்காலுக்கு எழுந்து உட்கார்ந்து தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் படிப்பது மொழியா, அந்தக் கணக்கைக் காப்பாற்றுகிற வித்தையா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கிளம்ப நாலைந்து மாதம் இருந்து, ஆங்கிலம் சரளமாக இருந்தால் இதில் தொடங்குவதில் தப்பில்லை. மூன்றே வாரம்தான் என்றால் இதைத் தொடவே வேண்டாம். செயலி தன் வரிசைப்படிதான் போகும். உங்களுக்கு வேண்டிய மருந்துக்கடை வாக்கியம் எந்தப் படியில் வரும் என்று காத்திருக்க நேரமில்லை.

## ஒலிப்பாடமும் காணொளியும்

என்னைக் கேட்டால், காசில்லாமல் கிடைப்பதில் உருப்படியான வழி இது. ஒரு குரல் கேள்வி கேட்கும், இடைவெளி விடும், நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிறகு சரியான பதில் வரும். பிம்ஸ்லரின் அரைமணிப் பாடங்கள் இந்த வகை, அதற்குக் காசு. லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபரின் பிரெஞ்சு அறிமுகம் இலவசம். பிரெஞ்சுத் தொலைக்காட்சியான டிவி5மோந்த் தன் பிரெஞ்சு கற்கும் தளத்தில் தொடக்க நிலையிலிருந்தே காணொளியும் பயிற்சியும் இலவசமாக வைத்திருக்கிறது. ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியைப் பலர் சிபாரிசு செய்வார்கள். எளியது என்பது பிரெஞ்சுக்காரர் கணக்கில். நாலு வார்த்தைக்காரர்களுக்கு அது இப்போதைக்கு வேண்டாம்.

காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கிறவர்களுக்கு இது வாய்ப்பான வழி. காதில் மாட்டிக்கொண்டு சத்தமாகப் பதில் சொல்லலாம். எதிரே வருகிறவர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். முணுமுணுத்தால் பலனில்லை. பஸ்ஸில் இது நடக்காது, ஓட்டுநர் போடுகிற பாட்டுக்கு முன்னால் எந்தப் பாடமும் எடுபடாது.

குறை ஒன்றுதான், திருத்த ஆளில்லை. அதற்குப் பாதி மருந்து உண்டு. உங்கள் குரலைப் போனில் பதிவு செய்து, பாடத்துக் குரலோடு அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். முதல் தடவை கூச்சமாக இருக்கும், ஆனால் எங்கே இடறுகிறது என்று பளிச்சென்று தெரியும்.

## உள்ளூர் டியூஷன்

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். டியூஷனுக்குப் பஞ்சமில்லாத ஊர். பிரெஞ்சும் கிடைக்கும். ஆனால் இங்கே அது எதற்காக வளர்ந்தது என்று தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும். பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் அரிச்சுவடியிலிருந்து தொடங்கி மார்க்கை அள்ளலாம் என்று சேர்கிற பிள்ளைகள் நிறைய. டியூஷனின் அச்சே அந்தப் பரீட்சைக்காக வார்த்தது. வினைச்சொல் அட்டவணை, கோடிட்ட இடம், பத்தி மொழிபெயர்ப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கிய பிள்ளையிடம் "தண்ணி வேணும்னு கேளு" என்றால் முழிக்கும். பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. யாரும் அதைப் பேசச் சொன்னதில்லை.

குழு வகுப்பென்றால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம், பத்துப் பேர். ஆசிரியர் பாதி நேரம் பேசினால் மிச்சம் முப்பது நிமிஷம். ஆளுக்கு மூன்று நிமிஷம்தான் வாய் திறக்கலாம். மாதக் கட்டணத்தை அந்த மூன்று நிமிஷங்களால் வகுத்தால், மலிவென்று நினைத்தது அவ்வளவு மலிவில்லை என்று தெரியும்.

இருந்தும் டியூஷனுக்கு ஒரு பலம் உண்டு, மற்ற வழிகளில் அது லேசில் கிடைக்காது: தமிழில் விளக்கம். அறுபது வயதில் முதல்முறை விமானம் ஏறுகிற ஒருவருக்கு, எதிரே உட்கார்ந்து, "மூக்கால சொல்லுங்க ஆச்சி, சளி பிடிச்ச மாதிரி" என்று சொல்லித்தர ஆள் வேண்டும். தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ எடுக்கிற ஆசிரியர் கிடைத்து, அவர் உங்கள் பட்டியலுக்கு ஏற்பப் பாடத்தை மாற்றிக்கொள்வார் என்றால் தாராளமாகச் சேரலாம். சேருமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் வகுப்பிலேயே என்னைப் பேச வைப்பீர்களா? எண்களை எழுதிக் காட்டாமல் சொல்லிக் கேட்க வைப்பீர்களா? இரண்டுக்கும் "அதெல்லாம் அப்புறம் வரும்" என்று பதில் வந்தால், அது பரீட்சை டியூஷன்.

## அலியான்ஸ் பிரான்சேஸ்

1883இல் பாரிசில் தொடங்கிய அமைப்பு. நமக்குக் கிட்டத்தில் திருவனந்தபுரம். சென்னை, புதுச்சேரியிலும் உண்டு. இணையவழி வகுப்புகளும் உண்டு. பாடம் ஒழுங்காகப் போகும், நாலு திறனையும் தொடும், ஆசிரியர்கள் பழகியவர்கள். ஏ1 என்கிற முதல் படியை முடிக்க அறுபதிலிருந்து நூறு மணி நேரப் படிப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள்.

சான்றிதழ் வேண்டுகிறவர்களுக்கு இதுதான் நேர்வழி. டெல்ஃப் என்கிற பிரெஞ்சு மொழித் தேர்வின் ஏ1 நிலையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 100க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லும். இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்றத்துக்கு டெல்ஃப் செல்லாது; டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா எழுத வேண்டும், அந்த முடிவு இரண்டு வருஷத்துக்குத்தான். எந்தத் தேர்வு என்று தெரியாமல் கட்டணம் கட்டாதீர்கள்.

நாலு வார்த்தை மட்டும் போதுமென்கிறவர்களுக்கு இது அதிகப்படி. நெல்லையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வாரா வாரம் ரயில் ஏறுவது நடக்கிற காரியமில்லை. அங்கேயே தங்கினால் தங்கல் செலவு கட்டணத்தைத் தாண்டும். இணையவழி என்றால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் வகுப்பு உங்களுக்காக நிற்காது. கல்யாணம், கோயில் கொடை என்று இரண்டு வாரம் விட்டால் பிடிப்பது கஷ்டம்.

"புதுச்சேரியில் போய் ஒரு மாசம் இருந்தா தெருவிலயே கத்துக்கலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சி அங்கே 1954 நவம்பரிலேயே முடிந்தது. கடற்கரைப் பக்கத் தெருப் பலகைகளில் பிரெஞ்சு இருக்கிறது, டீக்கடையில் தமிழ்தான்.

## இணையவழித் தனி ஆசிரியர்

வீடியோவில் எதிரே ஒரே ஒரு ஆசிரியர். அரைமணியில் கால்மணி நேரமாவது நீங்கள்தான் பேசியாக வேண்டும், தப்பித்துக்கொள்ள வழியில்லை. அவரைக் கடைக்காரராகவோ மருந்தாளுநராகவோ நடிக்கச் சொல்லலாம். முதலில் நிதானமாக, பிறகு அவர் ஊரில் பேசுகிற வேகத்தில். "ழெ நெ கொம்ப்ரான் பா, ப்ளூ லான்த்மான் ஸில் வூ ப்ளே" (புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்) என்பதை நிஜமாகவே தேவைப்பட்டுச் சொல்கிற இடம் இது. தேவைப்பட்டுச் சொன்ன வாக்கியம் மறக்காது.

இன்னொரு வசதி, ஆசிரியரை ஊர் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். மாண்ட்ரியால் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் காலை உணவுக்குப் பெயர் தெழெனே. பிரான்சில் அதே சொல் மதியச் சாப்பாடு. கியூபெக்கில் நன்றி என்றால் பதிலுக்கு "பியான்வெனு" என்பார்கள். பாரிசில் அது வரவேற்கிற சொல். நேரமும் ஒத்துவரும். இங்கே இரவு எட்டு மணி என்றால் குளிர்காலத்தில் பாரிசில் மூன்றரை, மாண்ட்ரியாலில் காலை ஒன்பதரை.

செலவு மணிக்கணக்கில் ஏறும். டாலரில் கட்டினால் வங்கி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய சிக்கல், ஆசிரியர் உங்கள் இஷ்டத்துக்கு விடுவார். வெறுங்கையோடு போய் உட்கார்ந்தால் "ஸா வா?", "ஸா வா" என்று நலம் விசாரித்தே அரைமணி போய்விடும். எந்த இடத்தில் என்ன பேசப்போகிறேன் என்று எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆங்கிலம் இல்லாதவர்கள் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழ் ஆசிரியர்களைத் தேடுவது நல்லது. இணையத்தில் எடுக்கிறவர்கள் அங்கே உண்டு.

## புத்தகமும் மொழிபெயர்ப்பானும்

பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிற, தமிழ் எழுத்தில் உச்சரிப்பு போட்ட கையேடுகள் மலிவு. நான் இங்கே எழுதுகிற மாதிரியே அதிலும் 'போன்ழூர்' என்றுதான் இருக்கும். பிரெஞ்சின் அந்த உரசல் ஒலிக்குத் தமிழில் 'ழ' போடுவது எழுத்தாளர்கள் வழக்கம். அதை நம்மூரில் வாழைப்பழத்து ழகரமாகப் படித்து, அதையும் 'ளூர்' ஆக்கிச் சொன்னால் எதிராளிக்கு விளங்குவது சிரமம். காதில் கேட்ட வாக்கியத்தை நினைவுபடுத்திக்கொள்ள மட்டும் புத்தகம் உதவும்.

கைபேசி மொழிபெயர்ப்பானைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சையும் தமிழையும் முன்கூட்டி இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் வேலை செய்யும். உணவுப் பட்டியல், மருந்து அட்டை, அறிவிப்புப் பலகையைக் கேமராவில் காட்டிப் படிக்கலாம். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் போனை நீட்டாதீர்கள். பிரான்சில் வணக்கம் சொல்லாமல் காரியத்தைக் கேட்பது பெரிய மரியாதைக் குறைவு. போன்ழூரை உங்கள் வாயால் சொல்லிவிட்டு, பிறகு போனை எடுங்கள்.

## அப்போ யாருக்கு எது?

பேறுகாலம் பார்க்கப் போகிற அம்மாவுக்கு: தமிழில் சொல்லித்தருகிற ஆசிரியரிடம், உள்ளூரிலோ இணையத்திலோ, சில அரைமணி வகுப்புகள் போதும். மாண்ட்ரியாலில் பல கடைகளில் "போன்ழூர், ஹை" என்று இரண்டு மொழியிலும் வரவேற்பார்கள். போன்ழூர் மட்டும் சொல்லுங்கள் என்று 2017இல் கியூபெக் சட்டமன்றம் தீர்மானமே போட்டது. கடைக்காரர்கள் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? ஆகவே ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் பட்டினி கிடக்க வேண்டி வராது. இதற்கு மேல் காசில்லாத உபாயம் ஒன்று உண்டு. மகளை வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். அவள் தெருமுனைக் கடையில் "பை வேணுமா", "கார்டா, காசா" என்று என்ன கேட்பார்களோ அதை, அந்த வேகத்திலேயே. சமையல் நடக்கும்போது அதை ஓடவிட்டுப் பதில் சொல்லிப் பழகலாம்.

முந்திரி வியாபாரிக்கு: தனி ஆசிரியர்தான், அதுவும் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவராக இருந்தால் உத்தமம். பிப்ரவரியில் சீசன் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். இவருக்கு இலக்கணம் வேண்டாம். எண், எடை, தேதி, விலை. அந்த ஊர் நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கில் விலை ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் வரும். அதை ஒரே மூச்சில் சொல்லக் கேட்டு எழுதப் பழக வேண்டும். "ஸெ கொம்பியான்?" என்று விலை கேட்கலாம், "தெர்னியே ப்ரீ" என்று கடைசி விலைக்கு இறங்கலாம். அதற்கு முன் குடும்பம் சுகமா, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரிக்காமல் அங்கே பேரம் தொடங்காது. தூத்துக்குடிக்காரருக்கு இந்த முறையைச் சொல்லித்தரவா வேண்டும்? வார்த்தை மட்டும்தான் புதுசு. பேசிய விலையில் ஒரு சைபர் தவறாகக் கேட்டால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால், ஆசிரியருக்குக் கொடுப்பது ஒன்றுமே இல்லை.

மாணவனுக்கு: அலியான்ஸின் இணைய வகுப்பு, ஏ1 கட்டாயம், முடிந்தால் ஏ2. வகுப்புகள் ஆங்கிலத்தில்தானே என்று விட்டுவிடுகிற பையன்கள்தான் போய்ச் சேர்ந்த முதல் மாதத்தில் திண்டாடுகிறார்கள். வீட்டுக்காரர், வங்கி, தங்கும் அனுமதி அலுவலகம் எல்லாம் பிரெஞ்சில். எதற்கும் முதலில் "ரான்தேவூ", அதாவது முன்பதிவு நேரம் வாங்க வேண்டும், சில இடங்களில் போனில். முகம் தெரியாமல் போனில் கேட்பது எல்லாவற்றிலும் கடினம். அதனால் கிளம்புவதற்கு முந்தைய மாதத்தில் மட்டும் தனி ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, வீடியோவை அணைத்துவிட்டு, வெறும் குரலில் ரான்தேவூ வாங்கிப் பழகட்டும். தேதி, நேரம், பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வது என்று. நம் பெயர்களின் நீளத்துக்கு அந்தக் கடைசிப் பயிற்சி ஒன்றுக்கே இரண்டு வகுப்பு ஆகும். 'சுடலைமுத்து'வைப் பிரெஞ்சு எழுத்துப் பெயர்களில் தடுமாறாமல் சொல்லிவிட்டான் என்றால் டிக்கெட் போட்டுவிடலாம்.